பேர் வெட்டிய பாத்திரம்

அக்கா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை.

அக்கா என்றால் எங்கள் உறவு இல்லை. இந்த ஊர்க்காரி. எங்கள் வீட்டில் சமைப்பவள். அவள் சொன்ன பேர் எங்கள் யார் வாயிலும் நுழையாததால், வந்த புதிதிலேயே மருமகள் அவளை ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவளும் பதிலுக்கு மருமகளை ‘அக்கா’ என்றாள். சமையலறையில் ஒரு அக்கா உப்பு எங்கே என்று கேட்பாள், இன்னொரு அக்கா எடுத்துக் கொடுப்பாள். என்னை மட்டும் என் மகனைப் போலவே ‘அப்பா’ என்பாள்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த கதையை ஆரம்பம் முதல் படித்து வருகிறவர்களுக்கு மற்றதெல்லாம் தெரியும். இன்றுதான் பக்கத்தைப் பிரிப்பவர்களுக்காக இரண்டு வரி. என் மகன் இங்கே ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளர். என் மனைவி போன பிறகு என்னைத் தனியே விடமாட்டேன் என்று கையோடு அழைத்து வந்துவிட்டான். கம்பெனி கொடுத்த குடியிருப்பில் ஏழாம் நம்பர் வீடு. சுற்றிலும் மதில், மதில் மேல் கண்ணாடித் துண்டு, போக வர ஒரே வாசல். உள்ளே எங்களைப் போல பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். மின்சாரம் தனக்குத் தோன்றும்போது வரும். தண்ணீர் லாரியில் வரும். எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வராத சாட்சிக்காகக் காத்திருந்தே தலை நரைத்தவன்.

அன்று காலை தண்ணீர் லாரி வந்தபோது மருமகள் தனியாக ட்யூபைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம்மா?”

அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேக்கிறேன்ல?”

“அக்கா இனிமே வர மாட்டா மாமா. உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

“யாரு சொன்னது?”

“குடியிருப்புக் கமிட்டி. முந்தாநாள் சாயங்காலம் கேட்ல பையைச் சோதிச்சிருக்காங்க. நம்ம வீட்டுத் தூக்குவாளி இருந்திருக்கு. அத்தை பேர் வெட்டினது.”

“சரி, அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? திருட்டுன்னு சொல்லிட்டாங்க மாமா. கேட்லேர்ந்து இவருக்குப் போன் போயிருக்கு. இவரு எனக்குப் பண்ணி, தூக்குவாளி ஏதாச்சும் குடுத்தியான்னு கேட்டாரு. நான் குடுக்கலையே. இல்லைன்னேன்.”

“நான் குடுத்தேன்,” என்றேன்.

ட்யூப் அவள் கையிலிருந்து நழுவி வாசலெல்லாம் தண்ணீர் பாய்ந்தது. லாரிக்காரன் சத்தம் போட்டான். அவள் காதில் அது விழவில்லை.

“நீங்களா? அத்தை பாத்திரத்தையா?”

ஆமாம், நான்தான். மதியம் மிஞ்சிய சோற்றையும் காயையும் மருமகள் அக்காவுக்குக் கட்டிக் கொடுப்பாள். அவள் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போவாள். ஒருநாள் சூட்டில் பை இளகி, எங்கள் வாசல்படியிலேயே குழம்பு கொட்டிவிட்டது. அவள் மண்டியிட்டு தன் மேல்துணியால் துடைத்ததைப் பார்த்துக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டிலிருந்து சாப்பாடு போகிற லட்சணமா இது? அன்றைக்கே என் அலமாரியைத் திறந்து, மனைவியின் தூக்குவாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மருமகள் கட்டிக் கொடுத்ததைத் தினமும் வாசலில் அதில் மாற்றிக்கொண்டு போவாள், மறுநாள் கழுவித் துடைத்து என் கையிலேயே திரும்பத் தருவாள். யாரிடமும் சொல்லவில்லை. என் பாத்திரத்தைக் கொடுக்க நான் யாரிடம் சொல்ல வேண்டும்?

பாத்திரத்தில் பேர் வெட்டுவது நமக்கெல்லாம் பழக்கம்தானே. கடை வாசலில் ஒருவர் மிஷினை வைத்துக்கொண்டு டிர்ரென்று வெட்டிக் கொடுப்பார். எதற்கு? பலகாரத்தோடு நாலு வீடு போகிற பாத்திரம், வழி தெரிந்து வீடு திரும்புவதற்கு. அப்படியும் பாதி திரும்பாது. எங்கள் சமையலறை அலமாரியிலேயே ஊரில் எங்கள் எதிர்வீட்டு டீச்சரம்மா பேர் போட்ட கிண்ணம் ஒன்று விமானம் ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறது. போன மாதம் அதற்காக மருமகளைக் கோபித்துக்கொண்டேன்.

“அவங்க வீட்டுல நம்ம தட்டு ரெண்டு கிடக்கு மாமா. சரியாப் போச்சு,” என்றாள்.

வீடு திரும்புவதற்காக வெட்டிய பேர், இந்த மதிலுக்குள் ஒரு பெண்ணைத் திருடி என்று பிடித்துக் கொடுத்திருக்கிறது.

இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

காவல் சூப்பர்வைசர் முன்னாள் ராணுவக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதையில் குறையொன்றும் இல்லை. அவர் மேஜை மேல் என் மனைவியின் தூக்குவாளி, கழுத்தில் ஒரு அட்டை கட்டி, பிரேதப் பரிசோதனைக்கு வந்ததுபோல் இருந்தது. நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே உயரம்.

“இந்தப் பாத்திரத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது நான்.”

“அவளும் அப்படித்தான் சொன்னாள் ஐயா. வீட்டுப் பெரியவர் கொடுத்தார் என்று.”

“சொன்னாளா? சொல்லியுமா பிடித்து வைத்தீர்கள்?”

“உங்கள் மகனிடம் கேட்டோமே. ‘என் அப்பா அதைக் கொடுத்திருக்க மாட்டார், அது என் அம்மாவுடையது’ என்று சொன்னார்.”

பிடிபட்டவள் தன் சாட்சியின் பேரைச் சொல்லியிருக்கிறாள். சாட்சி கூப்பிடு தூரத்தில் ஃபேனுக்கு அடியில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஒருத்தருக்கும் கூப்பிடத் தோன்றவில்லை.

“இப்போது நானே சொல்கிறேன். அவளை உள்ளே விடுங்கள்.”

அவர் சங்கடத்தோடு காலை மாற்றி நின்றார். “ஐயா, பொருள் வெளியே போனால் வீட்டுப் பொறுப்பாளர் சீட்டு கொடுக்க வேண்டும். அதுதான் விதி. ஏழாம் நம்பருக்குப் பொறுப்பாளர் உங்கள் மகன். நீங்கள் எங்கள் பதிவில்... அவரைச் சார்ந்து வாழ்பவர்.”

சார்ந்து வாழ்பவர்! விசாவில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறான், பார்த்திருக்கிறேன். காகிதத்தில் இருந்தவரை அது காகிதம். ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்டபோதுதான் அதன் எடை தெரிந்தது. ஜட்ஜுகள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட யோசிப்பார்கள். இங்கே என் வீட்டுத் தூக்குவாளியைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் கிடையாதாம்.

திரும்பும்போது சுவரைப் பார்த்தேன். பலகையில் அக்காவின் படம் குத்தியிருந்தது. உள்ளே விடக்கூடாதவர்கள் வரிசை. படத்துக்குக் கீழே பேர்கூட இல்லை, ஒரு நம்பர்தான். அவள் வேலை பார்த்த மற்ற இரண்டு வீடுகளும் அத்தோடு போச்சு.

“பேர்கூடப் போட மாட்டீர்களா? மனுஷிதானே அவள்?” என்று இரைந்துவிட்டு வந்தேன்.

மகன் மத்தியானம் சாப்பிட வந்தான். மருமகள் தட்டை வைத்த சத்தத்திலேயே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“என்ன, ரெண்டு பேரும் ஒரு மாதிரி இருக்கீங்க?”

“தூக்குவாளியை மாமாதான் அக்காவுக்குக் குடுத்தாராம்.”

அவன் கை சோற்றிலேயே நின்றது. “அப்பா, நிஜமாவா?”

“என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“எப்படிப்பா கேக்கத் தோணும்? அந்த அலமாரியில நான் கை வெச்சாலே உங்களுக்குக் கோவம் வரும். அம்மா பாத்திரத்தை நீங்க வெளிய குடுப்பீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கலை.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நியாயம் தெரிந்ததால் கோபம் குறைந்துவிடாது.

“இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல? போய்ச் சொல்லு.”

அவன் தண்ணீரைக் குடித்தான். டம்ளரைக் கீழே வைக்காமல் வெகு நேரம் குடித்தான்.

“அப்பா, கமிட்டித் தலைவி யாரு தெரியுமில்ல? டைரக்டர் சம்சாரம். என்னோட வேலை பெர்மிட் புதுப்பிக்கிறதுக்கு டைரக்டர்தான் கையெழுத்துப் போடணும். இந்த மாசம். இப்ப போய் நான் சொன்னது தப்புன்னு மாத்திப் பேசினா, நாளைக்கு ஃபாக்டரியில என் பேச்சை எவன் நம்புவான்?”

“அப்ப அவ திருடியாவே இருந்துட்டுப் போகட்டும்?”

“அவளுக்கு வேற எடத்துல வேலைக்கு நானே சொல்றேன்பா. சத்தமில்லாம முடிச்சிடலாம்.”

“கேட்ல படம் மாட்டியிருக்கு. எந்தச் சத்தமில்லாத எடத்துல அவளுக்கு வேலை வாங்கித் தருவே?”

மருமகள் கரண்டியை வைத்தாள். “என்னங்க, நீங்க பயப்படறதுல தப்பில்லை. பெர்மிட் போச்சுன்னா மூட்டை கட்டணும், தெரியும். ஆனா நான் இல்லைன்னு சொன்னதை வெச்சுத்தானே அவளை அனுப்பினாங்க? என் வாயால ஒருத்தி திருடி ஆயிருக்கா. எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.”

“சாயங்காலம் டீ பார்ட்டி இருக்கு,” என்றான் அவன், பேச்சை மாற்றுகிறவன்போல. “புதுசா வந்த குடும்பம்னு நம்மளை அறிமுகப்படுத்தறாங்க. தயவுசெஞ்சு ரெண்டு பேரும் அங்க எதுவும் ஆரம்பிக்காதீங்க. பலகாரம் ஏதாச்சும் பண்ணி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க.”

“பண்றேன்,” என்றாள் மருமகள். அவ்வளவு சாதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. மகன் நிம்மதியாகக் கை கழுவப் போனான். எனக்குச் சந்தேகம் தட்டியது.

குடியிருப்பின் நடுவில் இருக்கிற கூடத்தில் மாலை எல்லோரும் கூடினார்கள். நாற்காலிகள், வெள்ளை விரிப்பு, பீங்கான் கோப்பைகள். வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. டைரக்டர் என் மகனைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். அவர் மனைவி எழுந்தாள். நல்ல உயரம், நல்ல குரல். பொல்லாதவள் என்று சொல்லமாட்டேன். தான் செய்வது சரியா என்று ஒருநாளும் சந்தேகப்பட அவசியம் வராதவள்.

“ஏழாம் நம்பர் குடும்பம் நம்மோடு சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆனால் எவ்வளவு சீக்கிரம் நம் ஒழுங்குமுறையைக் கற்றுக்கொண்டார்கள் பாருங்கள்! வாசலிலிருந்து கேட்டதும் தயங்காமல் உண்மையைச் சொன்னார்கள். அதனால்தான் நம் எல்லோருடைய வீடும் பத்திரமாக இருக்கிறது.”

கை தட்டினார்கள். என் குடும்பத்துக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் கைத்தட்டல். எழுந்திருக்கப் போனேன். மருமகள் என் முழங்கையைத் தொட்டு அமர்த்தினாள்.

அவள் பலகாரத்தை அதற்குள் எல்லோருக்கும் பரிமாறியிருந்தாள். கம்பெனி பீங்கானில் இல்லை. எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுகளிலும் கிண்ணங்களிலும்.

“மேடம்,” என்றாள், “காவல் சூப்பர்வைசரைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா? இங்கே இன்னொரு திருட்டு நடந்திருக்கிறது.”

சூப்பர்வைசர் வாசல்படியில்தான் நின்றிருந்தார். உள்ளே வந்தார்.

மருமகள் மூன்றாம் நம்பர் வீட்டுக் கணக்கரின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, விளிம்பை சூப்பர்வைசருக்குக் காட்டினாள். “இதில் வெட்டியிருப்பது என் பேர் இல்லை. ஊரில் எங்கள் எதிர்வீட்டு டீச்சருடையது.” அடுத்த தட்டு. “இது என் பெரியம்மா பேர்.” இன்னொன்று. “இது யாரென்றே தெரியவில்லை. எந்தக் கல்யாணத்தில் மாறியதோ. யாரும் எனக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. அத்தனையும் என்னிடம் இருக்கிறது. என்னையும் படம் எடுத்துப் பலகையில் மாட்டுங்கள்.”

கணக்கர் வாயில் போட்ட பலகாரத்தை மெல்லவா விழுங்கவா என்று தெரியாமல், திருட்டுப் பொருளோடு பிடிபட்டவர்போல் நின்றார்.

டைரக்டரின் மனைவி சிரிக்கப் பார்த்தாள். “அட, அது வேறு அம்மா. அதெல்லாம் குடும்பங்களுக்குள் கொடுத்து வாங்குவது.”

“என்ன வேறு, மேடம்?” என்று கேட்டேன். இந்த முறை மருமகள் தடுக்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். கோர்ட்டில் பேர் கூப்பிடும் குரல் இன்னும் என்னிடம் மிச்சம் இருக்கிறது. “அந்தத் தூக்குவாளியில் இருப்பது என் மனைவியின் பேர். அவள் இன்று இல்லை. அவளுக்குப் பிறகு அது என்னுடையது. என் மகனுடையதுகூட இல்லை. நான் என் கையால் கொடுத்தேன். என் பொருளைக் காணோம் என்று நான் சொல்லவில்லை. சொந்தக்காரன் புகார் சொல்லாதபோது திருடி எங்கிருந்து வந்தாள்?”

“உங்கள் வருத்தம் புரிகிறது ஐயா,” என்றாள் அவள், மெதுவாக. “ஆனால் வீட்டுப் பொறுப்பாளர் நீங்கள் இல்லை. அவர் சொன்னது வேறு.”

எல்லோரும் என் மகனைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்தால் எனக்காகப் பேசுவான். எனக்காகப் பேசுவது போதாது.

கோப்பை சாஸரில் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி நகரும் சத்தம்.

“நான் சொன்னது தப்பு,” என்றான் என் மகன். குரல் முதலில் பிசிறியது, பிறகு சரியானது. “அப்பா கொடுத்தார் என்று அந்தப் பெண் சொன்னாள். அப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்காமலே அவளைப் பொய்க்காரி ஆக்கினேன். இன்று மத்தியானம் உண்மை தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவள் எதையும் திருடவில்லை. பொறுப்பாளர் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.”

யாரும் கை தட்டவில்லை. டைரக்டர் தன் கோப்பைக்குள் பார்த்தபடி, “நாளை காலை என் அறைக்கு வா,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதில் கோபம் இருந்ததா என்று என்னால் படிக்க முடியவில்லை. மருமகள் டீச்சரம்மாவின் கிண்ணத்தைக் கணக்கரிடமே திருப்பிக் கொடுத்து, “சாப்பிடுங்க சார், ஆறிடும்,” என்று தமிழிலேயே சொன்னாள்.

வெளிச்சம் இருக்கும்போதே மூன்று பேரும் வாசலுக்குப் போனோம். பலகையிலிருந்து அந்தப் படத்தை என் மகன் தன் கையால் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். சூப்பர்வைசர் தூக்குவாளியின் கழுத்திலிருந்த அட்டையைக் கத்தரித்து, துணியால் ஒரு துடை துடைத்து என்னிடம் நீட்டினார்.

“நாளைக்கு அவ வருவா இல்ல மாமா?” என்றாள் மருமகள்.

“எதுக்கு வரணும்? இவ்வளவு பேர் முன்னால அவமானப்படுத்திட்டு, நீயா வாடின்னு உக்காந்திருக்கலாமா? நாமதான் போகணும்.”

வெறும் பாத்திரமாக எடுத்துப் போவதா? மருமகள் வீட்டுக்கு ஓடிப்போய் சூடான சோறும் காயும் வைத்து நிறைத்துக் கொண்டுவந்தாள். சூப்பர்வைசர் வழி சொன்னார். “தண்ணீர் லாரி நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு தெரு. அங்கே பேரைச் சொல்லிக் கேளுங்கள், சின்னக் குழந்தைகூடக் காட்டும்.”

நாங்கள் வந்த நாளிலிருந்து அந்தத் தெருவைக் காரின் கண்ணாடி வழியாக மட்டும்தான் பார்த்திருந்தோம். நெருக்கமான வீடுகள், தகரக் கூரை, கதவுக்குக் கதவு துணி காய்ந்தது. தெருமுனைக் குழாயில் பெண்கள் குடம் வைத்து நின்றார்கள். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. இஸ்திரிச் சட்டையில் ஒரு கிழவன், டை கட்டிய ஒருவன், புடவை கட்டிய ஒருத்தி, கையில் ஆவி பறக்கும் ஒரு தூக்குவாளி.

அவர்களில் மூத்தவள் முன்னால் வந்தாள். ஆலையில் வேலை பார்த்தவள் போலிருக்கிறது, ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்திருந்தது.

“யாரைத் தேடுகிறீர்கள்?”

“எங்கள் வீட்டில் சமைக்கிறாளே, அந்தப் பெண்ணை,” என்றான் மகன்.

“இந்தத் தெருவில் பாதிப் பேர் உங்கள் மதிலுக்குள் சமைக்கிறவர்கள்தான். பேர் என்ன?”

மகன் மருமகளைப் பார்த்தான். மருமகள் ‘அக்கா’ என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவள் வந்த முதல் நாள் நெஞ்சில் கை வைத்து மூன்று தடவை சொன்னாள். நான்தான், “சரி சரி, அதெல்லாம் நம்ம வாய்க்கு வராது,” என்று கையை ஆட்டியவன்.

மகன் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தான். எடுத்தவன், அதைக் காட்டக் கூசி அப்படியே திரும்ப வைத்துக்கொண்டான்.

குழாயிலிருந்து குடம் வழிந்து தெருவில் ஓடியது. யாரும் நகர்த்தவில்லை. சாய்ந்த வெயிலில் என் கையில் இருந்த தூக்குவாளியின் விளிம்பில், என் மனைவியின் பேர் எழுத்து எழுத்தாகப் பளிச்சென்று தெரிந்தது.

“பேர் என்ன?” என்று அவள் மறுபடி கேட்டாள்.